ஹூடி போட்ட மேதையும் கணக்கு கொடுத்த கழுதையும்

இணையக் குற்றம் பற்றி நம் தமிழ் நாளிதழ்களில் செய்தி வந்தால் கூடவே ஒரு படமும் வரும். இருட்டறை, தலையை மூடிய ஹூடி, முகமில்லாத ஒருவன், அவன் முன்னால் பச்சை எழுத்துகள் கொட்டும் திரை. கீழே செய்தியைப் படித்தால், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போலீஸ் பெயரில் வந்த அழைப்பை நம்பி இபிஎஃப் பணத்தை மொத்தமாக அனுப்பிய கதை இருக்கும். அந்தக் கதையில் ஹூடி கிடையாது. பச்சை எழுத்து கிடையாது. ஒரு தொலைபேசி, ஒரு பொய், யாரோ ஒருவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. அவ்வளவுதான். ஆனாலும் படத்தை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

எனக்கு அந்தப் படத்தோடுதான் சண்டை. நாளிதழோடு விஷயம் முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நம் இளம் எழுத்தாளர்களின் சிறுகதைகளிலும் அவன் வந்து குடியேறிவிட்டான். சமீப ஆண்டுகளில் நான் வாசித்த கதைகளில் ஹேக்கர் என்று ஒருவன் வந்தால் அவன் கட்டாயம் மேதை. தூங்க மாட்டான். காதலில் தோற்றிருப்பான். தேநீர் ஆறுவதற்குள் வங்கியைத் திறந்துவிடுவான். 2018இல் வந்த ‘இரும்புத்திரை’யில் அர்ஜுன் செய்த வில்லனின் தூரத்துத் தம்பிகள் இவர்கள். சினிமாவுக்கு அப்படி ஒருவன் வேண்டும், சரி. கதை எழுதுகிறவருக்கு என்ன வந்தது?

இந்த மேதை பொய் என்பது என் முதல் வாதம். இந்தப் பொய்யால் சிலருக்கு லாபம் இருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் என் கற்பனையிலிருந்து சொல்லவில்லை. சில பல்கலைக்கழகங்களில் பதினைந்து இருபது ஆண்டுகளாக ஒரு கூட்டம் இதையே வேலையாகச் செய்துகொண்டிருக்கிறது. குற்றவாளிகள் கூடும் இணையக் களங்களுக்குள் போய், அவர்கள் பேசுவதைக் கேட்டு, விற்பதை வாங்கிப் பார்த்து, சிறையிலிருந்து வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசி எழுதுகிறார்கள். இதைப் பற்றி நல்ல வாசகரான என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்டது இது: “திருட்டுப் பசங்களப் பத்தி பிஎச்டி எதுக்குங்க? புடிச்சி உள்ள போட வேண்டியதுதானே?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

சலிப்பு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் இணையக் குற்ற ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. நிழல் களங்களில் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளைச் சேகரித்து, ஒப்பந்தம் போட்டு, மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுக்கிறார்கள். அந்த மையத்தைச் சார்ந்து பென் கோலியர், ரிச்சர்ட் கிளேட்டன், ஆலிஸ் ஹட்சிங்ஸ், டேனியல் தாமஸ் ஆகியோர் 2020இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பின் சாரத்தைத் தமிழில் சொன்னால்: இணையக் குற்றம் பெரும்பாலும் போரடிக்கிற வேலை.

காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் இணைய இணைப்பை முடக்கிக் கொடுக்கும் சேவைகள் உண்டு. சில டாலர் கொடுத்தால் போதும். வாடிக்கையாளர்களில் பலர் இணைய விளையாட்டில் எதிரியை வீழ்த்த நினைக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள். இந்தச் சேவையை நடத்துகிறவன் நாள் முழுக்க என்ன செய்கிறான்? சர்வர் விழுந்துவிட்டதா என்று பார்க்கிறான். காசு கட்டியும் வேலை நடக்கவில்லை என்று கத்துகிறவனுக்குப் பதில் எழுதுகிறான். பணம் வாங்கும் வழி அடைபட்டால் வேறு வழி தேடுகிறான். கைத்தொலைபேசிக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பையனின் வேலைதான். பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். களத்துக்குள் புகழோடு வலம் வருகிறவன் ஒருவன் என்றால், இப்படிப் பராமரிப்பு வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். 2017 டிசம்பர் கடைசியிலிருந்து 2018 ஜூன் வரை பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு ஒரு காரியம் செய்தது. இந்தச் சேவைகளைக் கூகிளில் தேடும் இளைஞர்களின் கண்ணில் படுகிற மாதிரி, ‘இது சட்டப்படி குற்றம்’ என்று ஒரு விளம்பரம் போட்டது. கேம்பிரிட்ஜ்காரர்கள் பிறகு அளந்து பார்த்தார்கள். அந்த மாதங்களில் அமெரிக்காவில் இத்தகைய தாக்குதல்கள் ஏறிக்கொண்டே போக, பிரிட்டனில் ஏற்றம் நின்றுவிட்டிருந்தது. ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறவனை மேதை என்று எப்படிச் சொல்வது? அவன் கொஞ்சம் பயந்த, கொஞ்சம் வேலையற்ற பையன். அவனை யாரென்று தெரிந்துகொண்டதால்தான் விளம்பரம் போடலாம் என்று தோன்றியது. “புடிச்சி உள்ள போடு” என்பவருக்கு இது தோன்றாது.

மேதைக் கதைக்காரர்கள் மிராய்யை இழுப்பார்கள் என்று தெரியும். 2016இல் வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் படையாகத் திரட்டிய நிரல் அது. அதன் மூலநிரல் களம் ஒன்றில் வெளியிடப்பட்டு, வேறு யாரோ அதைக் கையிலெடுத்து, அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்காமல் போயின. எழுதியவர்கள் யார்? இருபதை ஒட்டிய வயதில் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை வைத்து நடந்த தொழில் போட்டியில் வளர்ந்த விவகாரம். படைபலத்தின் ரகசியம் என்ன? ஆலையிலேயே வைத்து அனுப்பப்பட்டு, வாங்கியவர் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்கள். 60 சொச்சம் சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். பூட்டை உடைத்த திறமையைப் பேசுகிறோம். எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்து விற்ற கம்பெனியைப் பற்றிப் பேச்சே இல்லை. மேதைக் கதையால் யாருக்கு லாபம் என்று கேட்டீர்களானால், முதல் ஆள் அந்தக் கம்பெனி.

பணம் எங்கே நிற்கிறது

இரண்டாவது ஆள் வங்கி.

2008இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ‘ஸ்டார்ம்’ என்ற குப்பை மின்னஞ்சல் வலைக்குள் ஊடுருவினார்கள். ஏறத்தாழ 26 நாட்களில் சுமார் 35 கோடி மருந்து விளம்பர மின்னஞ்சல்கள் போவதை எண்ணினார்கள். எத்தனை பேர் வாங்கப் போனார்கள் தெரியுமா? 28 பேர். மூன்றாண்டு கழித்து, 2011இல், அதே வட்டத்தினர் இன்னொரு வேலை செய்தார்கள். குப்பை மின்னஞ்சல் விற்கும் பொருள்களை உண்மையாகவே காசு கொடுத்து வாங்கி, அந்தக் காசு எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். மின்னஞ்சல் அனுப்பும் கணினிகள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தன. ஆனால் அவர்கள் பார்த்த மருந்து, போலிக் கைக்கடிகாரம், திருட்டு மென்பொருள் விற்பனையில் 95 விழுக்காடு, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில வங்கிகள் வழியாகவே பணமாக மாறியது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். லட்சம் கணினிகளைத் துரத்த வேண்டியதில்லை, சில வங்கிகளிடம் பேசினால் போதும். அதைப் போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிப் பில்லைப் பத்திரப்படுத்திய பேராசிரியர்களும் மாணவர்களும் கண்டுபிடித்தார்கள்.

நம்மூருக்கு வருவோம். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்தியால் 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் அந்தப் பொய்ச் செய்தியும் வந்து உட்கார்ந்தது. அடுத்த மாதமே என்ன நடந்தது? வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலேசியாவில் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிடும்படி வங்கிகளிடம் சொன்னது. புதிதாக ஒரு கைத்தொலைபேசியைக் கணக்கோடு இணைத்தால் உடனே பணம் அனுப்ப முடியாதபடி ஓர் இடைவெளி வைக்கவும் சொன்னது. ஆக, செய்ய முடிகிற காரியங்கள் இருந்தன. முன்பே செய்திருக்கலாம்.

அதுவரை நமக்குச் சொல்லப்பட்டது என்ன? “உஷாரா இருங்க. பேராசைப்படாதீங்க. படிச்சவங்களே ஏமாந்தா என்ன பண்றது?” எதிரே இருப்பவன் மாய வித்தைக்காரன் என்றால் வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஏமாந்தவர் முட்டாள் என்றாலும் குறை சொல்ல முடியாது. மேதையும் முட்டாளும் ஒரே கதையின் இரண்டு பாத்திரங்கள். இருவருக்கும் நடுவில் வங்கி, தொலைபேசி நிறுவனம், சமூக ஊடகம் மூன்றும் பார்வையாளர்போல நிற்கின்றன. சிங்கப்பூர் 2024 டிசம்பரில் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் இழப்பில் பொறுப்பைப் பகிர்ந்து தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதிலும், ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணத்தை அனுப்பியவருக்கு இடமில்லை. அதே 2024இல் சிங்கப்பூர் மோசடிகளில் இழந்த தொகை 110 கோடி வெள்ளியைத் தாண்டியது.

புதிய லயம்

ஏமாந்தவர்களை முட்டாள் என்பவர்கள், கேள்விப்பட்டிருந்தால், ஓர் ஆய்வைத் தங்களுக்குத் துணையாக எடுத்துக்கொள்வார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதியது அது. நைஜீரிய மோசடிக்காரன் ஏன் தன்னை நைஜீரியன் என்றே சொல்லிக்கொள்கிறான்? எல்லோருக்கும் தெரிந்த பொய்யை ஏன் சொல்கிறான்? மின்னஞ்சல் அனுப்ப அவனுக்குச் செலவில்லை. பதில் போடுகிறவரோடு நாள்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதி வழியில் விழித்துக்கொள்கிறவர்களை ஆரம்பத்திலேயே கழித்துக்கட்ட அந்த அப்பட்டமான பொய் உதவுகிறது.

நான் இதை வேறு மாதிரி வாசிக்கிறேன். மோசடிக்காரனுக்கு அரிதாக இருந்தது உழைப்பு என்கிறது இந்த ஆய்வு. அப்படியென்றால் உழைப்பு மலிவாகிவிட்டால் என்ன ஆகும்? கழித்துக்கட்ட வேண்டிய அவசியமே இருக்காது. சந்தேகப்படுகிறவரோடும் மூன்று மாதம் பொறுமையாகக் காதல் பேசலாம். காலை வணக்கம் சொல்லலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம், பிறந்தநாளுக்கு வாழ்த்தலாம். இன்று நம் வாட்ஸப்புக்கு வருவது அந்த மாதிரி மோசடி. அந்த மலிவான உழைப்பு எங்கிருந்து வந்தது?

கம்போடியாவின் சிஹனூக்வில்லிலிருந்தும் மியன்மாரின் மியாவாடியிலிருந்தும் வந்தது. கம்போடியா 2019இல் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தது. அடுத்து கோவிட் வந்தது. காலியான சூதாட்டக் கட்டடங்கள் மோசடி வளாகங்களாக மாறின. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் கட்டாயத்தின் பேரில் இந்த வேலையில் அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. இவான் பிராஞ்செஸ்கினி, லிங் லீ, மார்க் போ ஆகிய மூவர் இந்த வளாகங்களைப் பல ஆண்டு ஆராய்ந்தவர்கள். இதற்கு ‘வளாக முதலாளித்துவம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். உயரமான மதில், உள்ளேயே தங்குமிடம், உள்ளேயே கடை, உள்ளேயே அடி.

ஆள் பிடிக்கும் முறையைக் கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் வழியாக, அல்லது டெலிகிராம் விளம்பரம் வழியாக, வாடிக்கையாளர் சேவை வேலை என்று அழைப்பு வரும். விமான டிக்கெட் அவர்கள் செலவு. போய் இறங்கியதும் பாஸ்போர்ட் பிடுங்கப்படும். டிக்கெட், சாப்பாடு, படுக்கை எல்லாம் கடனாகக் கணக்கில் ஏறும். இலக்கை எட்டாவிட்டால் தண்டனை. வெளியே போக வேண்டுமென்றால் பணம் கட்டு, இல்லையென்றால் உன்னை அடுத்த வளாகத்துக்கு விற்றுவிடுவேன். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியாவாடியில் மாட்டிக்கொண்டு, அவர்களை மீட்கச் சொல்லி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மலேசியப் பெற்றோர்களும் பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பத்திரிகையாளர் முன் நின்றார்கள்.

இந்த வர்ணனையை இதற்கு முன் எங்கே படித்தோம்? நம் நாவல்களில் படித்தோம். ஊர்க்காரனே கங்காணியாக வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்ததும், கப்பல் செலவு கடனானதும், லயத்தை விட்டுப் போக முடியாததும் மலேசியத் தமிழ் இலக்கியத்தின் அரிச்சுவடி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி முறை 1938இல் ஒழிந்தது என்று பரீட்சைக்குப் படித்தோம். அது ஒழியாமல் டெலிகிராமில் விளம்பரம் போடுகிறது. நாம் இன்னும் பால்மரக் காட்டின் நினைவுகளைப் பத்தாவது முறையாக எழுதிப் பரிசு வாங்கிக்கொண்டு, இதை நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தோட்டத் தொழிலாளி மரத்தைச் சீவினான். இவன் மனிதரைச் சீவுகிறான். அடி வாங்கிக்கொண்டே ஜொகூரிலோ சிரம்பானிலோ இருக்கும் ஒரு விதவையின் சேமிப்பைக் கரைக்கிறான். அவன் பாதிக்கப்பட்டவனா, குற்றவாளியா? இரண்டும். ஆசியான் நாடுகள் 2015இல் கையெழுத்திட்ட ஆள்கடத்தல் தடுப்பு உடன்படிக்கை, கடத்தப்பட்டவர் கட்டாயத்தில் செய்த குற்றத்துக்காக அவரைத் தண்டிக்காமல் இருப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. பரிசீலிப்பதற்கு முதலில் அவன் யார், உள்ளே என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பதைத் தாங்கிக்கொள்ளும் மொழி சட்டத்திடம் குறைவு. அது இலக்கியத்திடம் இருப்பதாக நாம்தானே சொல்லிக்கொள்கிறோம்?

கழுதை

வளாகம் தூரத்தில் இருக்கிறது. கழுதை நம் தாமானிலேயே இருக்கிறது.

மலாயில் அக்காவுன் கெல்டாய், கழுதைக் கணக்கு என்பார்கள். திருடிய பணம் வந்து இறங்கி உடனே வேறு இடத்துக்குப் போகப் பயன்படும் கணக்கு. நான் மாலை வகுப்பு எடுத்த பையன்களில் ஒருவன் எஸ்பிஎம் முடித்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஐந்நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் நண்பனின் நண்பனிடம் கொடுத்துவிட்டான். பிறகு போலீஸ் வந்தது. கணக்கு முடங்கியது, சம்பளம் போட இடமில்லை, வேலையும் போனது. என்னிடம் சொன்னான்: “சும்மா கெடந்த அக்கவுண்டு சார். எவனாச்சும் யூஸ் பண்ணிட்டுப் போட்டும்னு நெனச்சேன்.” தான் ஒரு குற்றத்தில் வேலை பார்த்ததே அவனுக்குத் தெரியவில்லை. வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் அப்பாவி என்று நான் சொல்லவில்லை. அவன் கணக்கு வழியாகப் போனது யாரோ ஒருவருடைய முதுமை. ஆனால் பிடிபடுகிறவன் எப்போதும் இவன்தான், ஏனென்றால் இவன் பெயரும் ஐசி எண்ணும் மட்டுமே காகிதத்தில் இருக்கின்றன. 2025 நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது 6 பிரம்படியைக் கட்டாயமாக்கியது. கணக்கு கொடுக்கிறவர்களுக்கும் நீதிமன்றம் நினைத்தால் 12 வரை கொடுக்கலாம். கேட்டதும் பலருக்கு மனம் குளிர்ந்தது. நான் கேட்பது ஒன்றுதான்: மியாவாடியில் மதிலுக்குள் இருக்கும் முதலாளியின் முதுகு எங்கே இருக்கிறது, பிரம்பு எட்டும் முதுகு யாருடையது?

ருமேனியாவில் ருமினிக்கு வெல்ச்சா என்றொரு சிறு நகரம். ஊடகங்கள் அதை ஹேக்கர்களின் ஊர் என்று பட்டம் கட்டின. ஜோனதன் லஸ்டௌஸும் ஃபெடரிகோ வரேசேயும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். இல்லாத பொருளை இணையத்தில் விற்பது, முகம் பார்த்துப் பழகிய உள்ளூர்க்காரர்கள், வெளிநாட்டில் போய்ப் பணத்தை எடுத்துக்கொடுக்கும் ஆட்கள். அவர்கள் கண்டது அதுதான். இணையக் குற்றத்துக்கு ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, உறவு இருக்கிறது. என் மாணவனின் ‘நண்பனின் நண்பன்’ இருப்பதும் ஒரு தெருவில்தான். அந்தத் தெருவைத் தமிழில் யார் ஆராய்ந்தார்கள்?

எதிர்வாதங்கள்

“ஆராய்ச்சி என்ற பேரில் உளவு பார்க்கிறார்கள்” என்பது பலமான குற்றச்சாட்டு. 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு, பாதுகாப்புத் துறை நிதியில், டோர் வலையில் மறைந்திருப்பவர்களை அடையாளம் காணும் ஆய்வு செய்தது. எஃப்பிஐ ஆணை அனுப்பி அந்தத் தகவலை வாங்கி வழக்கு நடத்தியது 2016இல் நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. டோரில் போதைப்பொருள் விற்றவனும் இருந்தான், அடக்குமுறை அரசுக்குப் பயந்து எழுதியவரும் இருந்தார். வலை போட்டவருக்கு இருவரும் ஒன்றுதான். இந்த ஆபத்து உண்மையானது. அனுமதி கேட்காமல் பதினாறு வயதுப் பையனின் எழுத்தைச் சேகரித்து வைப்பதும் சுலபமாகக் கடந்துபோகக் கூடிய விஷயமில்லை. ஆனால் இதெல்லாம் ஆய்வுக்கு அறம் வேண்டும் என்பதற்கான வாதம். ஆய்வே வேண்டாம் என்பதற்கு இல்லை. பல்கலைக்கழகம் பார்க்காவிட்டால் அந்த இடத்தைப் போலீஸும் பாதுகாப்பு மென்பொருள் விற்கிறவர்களும் மட்டுமே பார்ப்பார்கள். பயம் விற்பனையானால்தான் அந்த மென்பொருளும் விற்பனையாகும். மேதைக் கதையின் மூன்றாவது லாபக்காரர் அவர்.

“புரிந்துகொள்வது மன்னிப்பதாகிவிடும்” என்பது என் நண்பரின் வாதம். ஆகாது. 35 கோடி மின்னஞ்சலை எண்ணியவர்கள் யாரையும் மன்னிக்கவில்லை, பணத்தின் கழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். மன்னிப்பது எளிது, திட்டுவது அதைவிட எளிது. எண்ணுவதும் கேட்பதும்தான் கஷ்டம்.

இந்த ஆய்வுகளிடம் எனக்கும் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் அதிகம் வாசிப்பது ஆங்கிலக் களங்களையும் ரஷ்யக் களங்களையும். வளாகங்களை ஆராய்கிறவர்கள் சீன மொழி அறிந்தவர்கள். மியாவாடியிலிருந்து திரும்பி வந்தவன் இரவு அம்மாவிடம் தமிழில் என்ன சொன்னான் என்பது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. கேம்பிரிட்ஜ் அதற்கு வராது. வர வேண்டியதும் இல்லை.

அது நம் வேலை. திரும்பி வந்தவர்கள் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். கணக்கு கொடுத்தவர்களின் வழக்குகள் நம்மூர் நீதிமன்றத்தில் நடக்கின்றன. பணம் இழந்தவர்கள் வெட்கத்தில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் கோயிலில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களிடம் போய்ப் பேசுவதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பெயரை மறைத்து, நம்பிக்கையைக் காப்பாற்றி, சொன்னதைச் சொன்னபடி எழுதத் தெரிந்தால் போதும். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் ஒருவர் இதை ஆய்வுத் தலைப்பாகக் கொண்டுபோனால் “இது தமிழாய்வு இல்லையே” என்று சொல்ல ஆள் இருப்பார்கள். சொல்லட்டும். கங்காணியைப் பற்றி எழுதினால் தமிழாய்வு, கங்காணியின் டெலிகிராம் கணக்கைப் பற்றி எழுதினால் இல்லையா?

கதை எழுதும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஹூடிக்காரனைக் கொஞ்ச காலம் தூங்கவிடுங்கள். அவனுக்குப் பதிலாக, எட்டுப் பேர் படுக்கும் அறையில், எழுதிக்கொடுத்த வசனத்தைப் பார்த்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு “சாப்டியா?” என்று தட்டச்சு செய்கிறவனை எழுதுங்கள். அவனுக்கு அன்றைய இலக்கு இன்னும் முடியவில்லை.